கடன் படாமல் இறுதிச் சடங்கு நடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014-இல் அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தது 7,000 ரூபாய். உடலை எடுத்து முடிப்பதற்குள் 71,000 செலவாகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னொரு 48,000. வட்டிக்கு வாங்கிய அந்தப் பணத்தை அடைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அப்பா சிக்கனமான மனிதர். தன் பேரில் அப்படிக் கடன் வாங்குவதை உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில், உறவில், வேலை பார்த்த இடத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் போய் நிற்கிறேன். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் இருப்பது சென்னை. அதிகம் பார்த்தது இந்து வீடுகளின் சாவு. சான்றிதழ், சட்டம், உதவித்தொகை பற்றிய பதில்கள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொருந்தும்.

1. அப்பா வீட்டுலயே தூக்கத்துல போயிட்டார். முதல்ல யாரைக் கூப்பிடணும்?

டாக்டரை. வழக்கமாகப் பார்த்துவந்த டாக்டர் என்றால் நல்லது. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, இறந்த நேரம், காரணம் எழுதித் தர வேண்டும். அவருடைய பதிவு எண்ணும் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மயானத்தில் முதலில் கேட்பது இதைத்தான். பிறகு இறப்பைப் பதிவு செய்யவும் இதுதான் அடிப்படை. இறந்தவரின் ஆதார், பொறுப்பேற்கும் உறவினரின் ஆதார் இரண்டிலும் நான்கைந்து நகல் எடுத்து ஒரு கவரில் போட்டு, நிதானமான ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

உயிர் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உயிர் போனது உறுதியானால் அந்த வண்டி உடலை ஏற்றாது, அதற்குத் தனி வண்டி வேண்டும். டாக்டர் வந்து போன பிறகு அவசரம் ஒன்றும் கிடையாது. அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு அப்புறம் போனை எடுக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் ஓடி ஓடிச் சொன்ன ஆர்டர்கள்தான் எங்கள் வீட்டில் கடனாக நின்றன. கண் தானம் மட்டும் காத்திருக்காது; 13-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

2. ஆஸ்பத்திரியில இறந்தா பேப்பர் வேலை குறைவா?

குறைவு. சான்று மருத்துவமனையே தரும், இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்து. பெயர், இனிஷியல், அப்பா அல்லது கணவர் பெயர், முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நான்கு மாதம் அலைந்தார். வாசலில் நெருங்கி வந்து “பாடி எடுக்கணுமா சார்?” என்று கேட்பவரிடம் உடனே சரி சொல்ல வேண்டாம்.

3. மயானத்துல எவ்வளவு கேப்பாங்க?

பெருநகர சென்னை மாநகராட்சியின் மயானங்களில் எரிக்கவோ புதைக்கவோ கட்டணம் கிடையாது. கண்ணம்மாபேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, பெசன்ட் நகர், மூலக்கொத்தளம், ஓட்டேரி என்று எங்கே போனாலும் இதுதான். பணம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். மற்ற நகராட்சிகளிலும் ஊர்களிலும் எரிவாயு தகனமேடைக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பல ஊர்களில் அறக்கட்டளைகளும் ரோட்டரி போன்ற சங்கங்களும் அதை நடத்துகின்றன. முன்கூட்டியே போன் செய்து தொகையைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

மயானத்தில் வேலை செய்பவர்களுக்குக் கையில் கொடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். அந்த வெக்கையில், புகையில் நம் வீட்டு உடலைக் கையாள்கிறவர்கள் அவர்கள். நான் வேலை முடிந்த பிறகு, என்னால் முடிந்ததை, மரியாதையாகக் கொடுத்துவிட்டு வருகிறேன். முன்கூட்டியே பேரம் பேசிக் கேட்பது வேறு. அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

4. கரண்ட்ல எரிக்கிறது நல்லதா, விறகுல எரிக்கிறது நல்லதா?

நாம் மின்மயானம் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலானவை இப்போது எரிவாயுவில் இயங்குகின்றன. உடல் உள்ளே போய் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அஸ்தியை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். விறகு, வறட்டி, வைக்கோல் வைத்து மேலே மண் பூசி எரிப்பது இரவு முழுக்க எரியும். மறுநாள் காலை பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போக வேண்டும். விறகும் வறட்டியும் நம் செலவு, அடுக்குகிறவர்களுக்குக் கூலியும் உண்டு. மழைக்காலத்தில் ஈர விறகோடு படும் பாட்டை ஒரு தடவை பார்த்தால் போதும்.

செலவு குறைய வேண்டுமென்றால் எரிவாயுதான். “சடங்கு செய்ய விடமாட்டாங்களே” என்ற பயம் வேண்டாம். வாய்க்கரிசி போடுவது, கொள்ளிக்குடம் சுற்றி உடைப்பது எல்லாம் மேடைக்கு முன்னால் செய்யலாம். கற்பூரத்தை நெஞ்சின் மேல் ஏற்றிவிட்டு உள்ளே அனுப்புவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மாலை எத்தனை மணி வரை உடலை ஏற்பார்கள், அன்றைக்கு எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று கேட்டு நேரம் வாங்கிக்கொண்ட பிறகு வீட்டில் எடுக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். நல்ல நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பி, அங்கே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவர்கள் உண்டு.

முக்கியமான ஒன்று: இறந்தவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் டாக்டரைக் கொண்டு எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள பேட்டரி சூட்டில் வெடிக்கும்.

5. மயானத்துல இலவசம்னா, அப்புறம் எப்படி லட்ச ரூபாய் ஆகுது?

என் அப்பாவின் கணக்கையே தருகிறேன். ஐஸ் பெட்டி 5,000. பந்தல், நாற்காலி 6,500. பூவும் தேர் மாதிரி அலங்கரித்த வண்டியும் 17,000. மேளமும் வெடியும் 14,000. வந்தவர்களுக்கு டீ, சாப்பாடு 9,000. சடங்கு செய்தவருக்கும் சாமானுக்கும் 6,000. மது 4,500. மயானத்தில் கையில் கொடுத்தது 3,000. மற்ற சில்லறைச் செலவு 6,000. மொத்தம் 71,000. இதில் உடலை எரிக்க ஆனது அந்த 3,000 மட்டும். மீதி முழுக்க வீட்டுக்கும் மயானத்துக்கும் நடுவில் போனது.

விலைகள் இன்று ஏறியிருக்கும், ஆனால் பணம் போகும் வழி மாறவில்லை. 17,000-க்கு வாங்கிய பூவில் பாதியை ஊர்வலத்தில் தெருவில் பிய்த்துப் போட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அதன் மேல் பஸ் போனது. மது வாங்கித் தராவிட்டால் தூக்க ஆள் வராது என்று யாரோ சொன்னதை நான் நம்பினேன். தூக்கியது என் சித்தப்பா பிள்ளைகளும் அப்பாவின் நண்பர்களும். அவர்களில் ஒருவர்கூடக் குடிக்கவில்லை.

குறைக்க வேண்டுமென்றால் பூ, வண்டி அலங்காரம், வெடி, மது, பதினாறாம் நாள் பந்தி என்ற ஐந்தில் கை வையுங்கள். டீ, பந்தல், நாற்காலியில் மிச்சம் பிடித்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. வயதானவர்கள் வெயிலில் நிற்பதுதான் மிஞ்சும்.

6. எல்லாத்தையும் சேர்த்து ஒரே பேக்கேஜா செஞ்சு தர்றோம்னு சொல்றாங்க. நம்பலாமா?

கூட நிற்க ஆள் இல்லாத வீட்டுக்கு அது நிஜமாகவே உதவி. நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுச் சரி சொல்லாதீர்கள். ஐஸ் பெட்டி எத்தனை மணி நேரத்துக்கு, வண்டி எத்தனை கிலோமீட்டருக்கு, டிரைவர் பேட்டா உள்ளே வருமா, சடங்கு செய்பவர் தட்சிணை உள்ளே வருமா, மயானத்தில் தனியாகக் கேட்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் கேளுங்கள். இறுதிச் சடங்கு, தகனம், பிணவறை, உடலைக் கொண்டுபோகும் வண்டி ஆகிய சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சட்டத்தின் 3-ஆம் அட்டவணையில் இவை வரி வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. அதனால் பில்லில் இவற்றுக்கு வரி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

பேசுவது மகனோ மகளோ மனைவியோ ஆக இருக்கக் கூடாது. “அப்பாவுக்குக் கடைசியா செய்றது, இதுல கணக்குப் பார்க்கலாமா?” என்று யாராவது கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. என்னாலும் முடியவில்லை. மாமன் மகனோ எதிர்வீட்டுக்காரரோ பேசட்டும். அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இதைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

7. ஐஸ் பெட்டி கண்டிப்பா வேணுமா?

காலையில் இறந்து மாலையில் எடுப்பதாக இருந்தால் தேவையில்லை. நம் தாத்தா பாட்டி காலத்தில் யாரும் வைக்கவில்லை. மறுநாள் வரை காத்திருப்பதென்றால் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர இரண்டு மூன்று நாள் ஆகுமென்றால் பெட்டி வாடகை நாள் கணக்கில் ஏறும். அதற்கு மருத்துவமனைப் பிணவறையில் வைத்துவிட்டு, எடுக்கும் நாள் காலையில் வீட்டுக்குக் கொண்டுவருவது மேல்.

பல குடியிருப்போர் சங்கங்களும் அரிமா, ரோட்டரி சங்கங்களும் கோயில், தேவாலய, மசூதி நிர்வாகங்களும் சொந்தமாகப் பெட்டி வாங்கி இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ தருகின்றன. உங்கள் பகுதியில் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டு, சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டும் செருகுங்கள். பெட்டியைச் சுற்றித் தண்ணீர் சிந்தாமல் பாருங்கள்.

8. உடலைக் கொண்டு போக இலவச வண்டி இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம், மருத்துவமனை ஊழியர்களிடமும் கேட்கலாம். வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோய் விடுவார்கள். இது தெரியாமல் அரசு மருத்துவமனை வாசலிலேயே தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களை நான் அறிவேன். வண்டி வரக் கொஞ்சம் நேரமானாலும் காத்திருங்கள்.

9. சென்னையில இறந்துட்டார். சொந்த ஊருக்குத்தான் கொண்டு போகணும்னு பெரியவங்க சொல்றாங்க.

இறந்தவரே அப்படிக் கேட்டிருந்தால் கொண்டுபோங்கள், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. அவர் எதுவும் சொல்லாமல், ஊரில் நெருங்கிய உறவும் இல்லாமல், பெருமைக்காக மட்டும் என்றால் யோசியுங்கள். தனியார் வண்டி போக வர இரண்டு பக்கத்துக்கும் கிலோமீட்டர் கணக்குப் போடும். ஊரில் போய்ப் பந்தல், சாப்பாடு மறுபடி முதலிலிருந்து. உடலை இங்கே எரித்துவிட்டு அஸ்தியை ஊர் ஆற்றில் கரைப்பது பாதிப் பேருக்கு மனசை ஆற்றியிருக்கிறது.

ஊரில் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி மயானமாக அனுமதி பெற்ற இடத்தில்தான் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அனுமதி இல்லாமல் புதைத்து, வழக்காகி, தோண்டியெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் உண்டு.

10. செலவைக் குறைச்சா ஊர் என்ன சொல்லும்?

இதைத்தான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் வைத்துக் கேட்கிறார்கள். ஊர் ஏதாவது சொல்லும். எங்கள் வீட்டில் அவ்வளவு செய்தும் “பந்தியில் வடை ஆறிப்போச்சு” என்றுதான் சொன்னார்கள். அந்த வட்டியைக் கட்ட அவர்களில் யாரும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் பெரியவர் இறந்தபோது கூடப் போனேன். குளிப்பாட்டி, தையல் இல்லாத வெள்ளைக் கபன் துணியைச் சுற்றி, பள்ளிவாசலின் சந்தூக்கில், அதாவது உடலைத் தூக்கிப் போகும் பெட்டியில் வைத்து, முறை போட்டுத் தோளில் தூக்கிப் போய் அடக்கம் செய்தார்கள். சந்தூக் திரும்பப் பள்ளிவாசலுக்கே வந்துவிட்டது. கடை வைத்திருந்த பணக்காரர் அவர். அவருக்கும் அதே துணி, அதே மண். மரியாதையில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் முறையிலும் அடிப்படை இவ்வளவுதான்: நீர்மாலை (குளிப்பாட்ட நீர் எடுத்து வருவது), குளிப்பாட்டுதல், கோடித்துணி, வாய்க்கரிசி, கொள்ளி. ஒரு ஓதுவாரோ வீட்டுப் பெரியவரோ உட்கார்ந்து திருவாசகம் படித்தால் வீடே அமைதியாகிவிடும். இதற்கெல்லாம் பெரிய காசு ஆகாது.

பதினாறாம் நாளுக்கு, தாங்க முடிந்த அளவுக்கு நெருங்கிய உறவை மட்டும் கூப்பிடுங்கள். அழைப்பு அச்சடித்து, மண்டபம் பிடித்து, முந்நூறு பேருக்கு இலை போடுவது எந்தச் சாஸ்திரத்திலும் கட்டாயம் என்று எனக்கு யாரும் காட்டவில்லை.

11. வர்றவங்க மாலையும் கோடியுமா கொண்டு வர்றாங்க. அதை வேண்டாம்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் நீங்களாகச் சொல்ல வேண்டாம். சாவுச் செய்தி அனுப்பும்போதே “மாலைகளைத் தவிர்க்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறந்த வீட்டுக் கோடியை மட்டும் யாரும் விட மாட்டார்கள், அதைத் தடுக்க வேண்டாம். மற்றவர்களிடம் அரிசியாகவோ மொய்யாகவோ கொடுக்கச் சொல்லி உறவில் ஒருவர் காதோடு காதாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கையில் பணமில்லாத நேரத்தில் நாற்பது மாலை வந்து குவிவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

12. எங்களுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. பொண்ணு கொள்ளி வைக்கலாமா?

வைக்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, மயானத்திலும் தடுக்க மாட்டார்கள். அங்கே கேட்பது பொறுப்பேற்கும் உறவினரின் அடையாள அட்டை மட்டும்தான். பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்பதும் பழக்கம்தான், விதி கிடையாது. இருபது வருடமாகப் பேச்சில்லாத பங்காளி மகனைத் தேடிப் பிடித்து, அவர் கேட்ட வேட்டி சட்டையும் மோதிரமும் வாங்கிக் கொடுத்துக் கொள்ளி வைக்கச் சொன்ன வீட்டைப் பார்த்திருக்கிறேன். அம்மாவைப் படுக்கையில் ஆறு வருடம் பார்த்துக்கொண்ட மகள் ஓரமாக நின்றாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

13. உடல் தானம் பண்ணிட்டா செலவே இல்லையாமே?

மயானச் செலவு இருக்காது என்பது உண்மை. ஆனால் பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் கடைசி நேரத்தில் முடிவெடுக்காதீர்கள். இறந்தவரின் விருப்பமாகவோ குடும்பம் ஒத்துப் பேசியதாகவோ இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்பே பதிவு செய்து வைக்கலாம். பதிவு செய்திருந்தாலும் இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதம் வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்று நோய்கள் இருந்தவர் உடலையும் ஏற்க மாட்டார்கள். அதனால் மாற்று ஏற்பாடும் மனதில் இருக்கட்டும்.

கண் தானம் வேறு. அதைச் செய்துவிட்டு வழக்கம்போல எரிக்கலாம், புதைக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அருகிலுள்ள கண் வங்கிக்கோ 104-க்கோ போன் செய்துவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், வயதானவர் யாரும் கொடுக்கலாம். வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், முகம் மாறாது. உறுப்பு தானம் என்பது மூளைச்சாவு அடைந்தவர்களுக்கு மருத்துவமனையில் மட்டும் நடப்பது. அப்படித் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது.

14. இறப்புச் சான்றிதழை எங்க, எப்போ வாங்கணும்?

இறந்த இடத்தில் பதிய வேண்டும், எரித்த இடத்தில் கிடையாது. இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சென்னையில் இறந்து திருநெல்வேலியில் எரித்தாலும் பதிவு சென்னையில்தான். மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு, கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும். பதிவானதும் அரசின் இணையதளத்திலேயே சான்றிதழை இலவசமாகப் பதிவிறக்கலாம், எத்தனை நகல் வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டிய வேலையே இதில் இல்லை. வங்கி, இன்சூரன்ஸ், ஓய்வூதியம், பட்டா, கேஸ் இணைப்பு என எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

15. பில் பாக்கியைக் கட்டினாத்தான் பாடியைத் தருவோம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க.

பில் பாக்கி என்பது உங்களுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள கணக்கு. அதற்காக உடலைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. கத்த வேண்டாம். மருத்துவமனை நிர்வாகியைப் பார்த்து, பாக்கியைத் தவணையில் கட்டுவதாக எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் போகாது.

16. பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ரெண்டு நாள் கழிச்சு இறந்தாங்க. போலீசுக்குச் சொல்லாம எரிச்சிடலாமா?

வேண்டாம். விழுந்தது, தீக்காயம், விபத்து, விஷம், தற்கொலை எதுவாக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிய வேண்டும். இப்போது இது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுவர 8-ஆம் கேள்வியில் சொன்ன வண்டியைக் கேளுங்கள். அவசரத்தில் எரித்துவிட்டால் விபத்துக் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது, நாளைக்கு உறவில் யாராவது சந்தேகம் கிளப்பினால் பதில் சொல்லவும் வழி இருக்காது.

17. சடங்குச் செலவுக்கு அரசுல ஏதாவது தருவாங்களா?

இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. கட்டடத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் போன்றோர் நல வாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வந்திருந்தால் இறப்பு உதவியும் ஈமச்சடங்கு உதவியும் உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்த விவசாயக் குடும்பங்களுக்கும் உண்டு, அதற்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பி.எஃப். பிடித்த வேலையில் இருக்கும்போதே இறந்தால் அதனோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது வங்கிக் கணக்கு. பாஸ்புக்கில் வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் கழிந்திருக்கிறதா பாருங்கள். அது ஜீவன் ஜோதி காப்பீடு, இயற்கையாக இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் வரும். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. இந்தப் பணம் எதுவும் அன்றைக்கே கைக்கு வராது. அதை நம்பிக் கடன் வாங்கிப் பெரிதாகச் செய்யாதீர்கள். வந்த பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு உதவட்டும்.

18. உயிரோட இருக்கும்போதே இதையெல்லாம் பேசுறது அபசகுனம் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வயதானவர்களுக்கு இதைப் பேச ஆசை இருக்கிறது, பிள்ளைகள்தான் “வாயைக் கழுவு” என்று தடுத்துவிடுகிறோம். அம்மாவிடம் நான் நேராகக் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஆன செலவைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. “எனக்கு அந்த வெடியெல்லாம் வேண்டாம்பா” என்று அம்மாவே ஆரம்பித்தார். அன்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினோம்.

எழுதி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், கண் தானம் உண்டா, யார் கொள்ளி வைக்க வேண்டும், எது வேண்டவே வேண்டாம், எவ்வளவு ரூபாய்க்குள். கூடவே பேசும் பொறுப்பை ஏற்கும் ஒருவர் பெயர், டாக்டர், மயானம், ஐஸ் பெட்டி எண்கள். பணத்தைப் பெற்றோர் பேரில் மட்டும் உள்ள கணக்கில் போட்டுவைத்தால் அன்றைக்கு எடுக்க முடியாது. இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் எடுப்பது சட்டப்படி தவறு. ‘இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்கு வைத்து, அதில் இந்தத் தொகையை ஒதுக்குங்கள்.

அம்மா சொன்னதை ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்தோம். 2021-இல் அவர் இறந்த அன்று தம்பி மேளத்துக்குச் சொல்லப் போனான். தாளை எடுத்துக் காட்டினேன். மேளம், வெடி, தேர் மூன்றையும் அம்மா கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழே “மல்லிகைப் பூ மட்டும், வீட்டுப் பந்தலில் பறித்தது” என்று இருந்தது. தம்பி உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து மாடிக்குப் போய்ப் பூப் பறித்துக்கொண்டு வந்தான்.